சிறுபான்மை மாணவர் உதவித்தொகை: சேலம், ஏற்காட்டுப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொன்னதும்

சேலத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்காலர்ஷிப் மேஜை என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகும் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் வீட்டுத் திண்ணையில் ஆள் வந்துவிடுகிறது. இந்த வருஷம் வந்த கேள்விகளில் சில இங்கே.

கிச்சிப்பாளையத்திலிருந்து ஒரு தாய்: மகள் பி.காம். சேரப் போகிறாள். வீட்டுக்காரர் லீ பஜாரில் மூட்டை தூக்குகிறார். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மத்திய அரசு பணம் உண்டு என்கிறார்கள். அதற்கு எழுதினால் போதுமா அக்கா?

போதாதும்மா. நீங்கள் சொல்வது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014இல் சேர்க்கப்பட்ட சமணர் ஆகிய ஆறு மதத்தாருக்கானது. பதினொன்றாம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், முந்தைய தேர்வில் 50 சதவீதம். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு மேல் கிடையாது. பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு உண்டு. எல்லாம் சரி, ஆனால் 2021-22க்குப் பிறகு இந்தத் திட்டத்துக்குப் புது ஒப்புதல் வந்ததாகத் தெரியவில்லை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் இந்த வருஷம் திறந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அதையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

முஸ்லிம் என்பது மட்டும்தானா உங்கள் மகளுக்குத் தகுதி? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மதமும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. சாதிச் சான்றிதழில் பி.சி. முஸ்லிம் என்று இருந்தால் மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்குக் கல்லூரி மூலமே எழுதலாம். அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? அந்த அட்டைக்கும் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

புதுமைப் பெண் தவிர மற்றவற்றில், ஒரே செலவுக்கு இரண்டு அரசு உதவித்தொகை வாங்க முடியாது. அதனால் எது நிச்சயம் வரும் என்று பார்த்து எழுதுங்கள். சிறுபான்மை என்ற ஒரு சொல்லை மட்டும் தேடி வருகிறவர்கள் மற்ற கதவுகளைத் தட்டாமலே போய்விடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி, பொறியியல் சேரும் மாணவி: நான் கிறிஸ்தவர். மெரிட் கம் மீன்ஸ் நல்லதா, முதல் பட்டதாரி சலுகை நல்லதா?

இரண்டும் வேறு வேறு. மெரிட் கம் மீன்ஸ் தொழிற்படிப்புக்கான மத்திய உதவித்தொகை. வருமான வரம்பு 2.5 லட்சம், கட்டணத்துக்கு வருஷம் 20,000 வரை, விடுதியில் இருந்தால் மேலும் 10,000, வீட்டிலிருந்து போய்வந்தால் 5,000. போஸ்ட் மெட்ரிக்குக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும்தான்.

முதல் பட்டதாரி சலுகையில் பணம் கைக்கு வராது, கட்டணத்திலேயே கழிப்பார்கள். வருமான வரம்பு இல்லை. ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. கலந்தாய்வு மூலம் வாங்கிய இடத்துக்குத்தான் இது. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குத் தரகர் ஒருவர் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கிக் கொடுத்து, "முதல் பட்டதாரிப் பணம் வந்துவிடும்" என்றார். வரவில்லை. அவன் அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

நீங்கள் பெண் என்பதால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி திட்டத்தையும் பாருங்கள். வருஷத்துக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். இதற்கு மதம் பொருட்டில்லை. சேலத்தில் இதைக் கேள்விப்பட்ட பெற்றோரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

பொன்னம்மாப்பேட்டை மாணவர்: பணம் அனுப்பியாகிவிட்டது என்று தளத்தில் காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. ஆதாரை பேங்கில் கொடுத்துவிட்டேன் அம்மா.

என் மேஜைக்கு வந்த புகார்களில் பாதி இதுதான். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது ஒன்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்.பி.சி.ஐ.யில் அரசுப் பணம் வாங்கும் கணக்காகப் பதிவாவது வேறொன்று. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக அப்படிப் பதிவானதோ அங்கேதான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணை அது பார்க்காது. ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங்' நிலையைப் பாருங்கள், எந்த வங்கி என்று வந்துவிடும்.

ஏற்காட்டுப் பெண் ஒருத்தியின் பணம் காணவில்லை என்று மூன்று மாதம் அலைந்தோம். பள்ளியில் படிக்கும்போது திறந்து, மறந்தே போன கணக்கில் அது பத்திரமாக இருந்தது. அந்தக் கணக்கும் மைனர் கணக்கு, முடக்கி வைத்திருந்தார்கள். பதினெட்டு வயது முடிந்ததும் வங்கிக்குப் போய்க் கையெழுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பெயர். முகமது என்ற பெயரை நான் ஏழு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக முன்னால் என்று இருந்தாலும் சிக்கல்தான். மதிப்பெண் சான்றிதழில் இருப்பது போல ஆதாரைத் திருத்துங்கள். சான்றிதழைத் திருத்தப் போனால் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்பீர்கள்.

ஏற்காடு நாகலூர்ப் பக்கம், ஒரு மாணவர்: நாங்கள் மலையாளி பழங்குடி. அப்பா கிறிஸ்தவரானார். இப்போது நான் சிறுபான்மையா, எஸ்.டி.யா?

இரண்டும்தான் தம்பி. பழங்குடித் தகுதிக்கு மதம் தடையில்லை. எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக்கில் கட்டணமும் பராமரிப்புத் தொகையும் வரும், உனக்கு அதுதான் லாபம். எஸ்.டி. சான்றிதழ் தருவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை நடக்கும், நாளாகும், கல்லூரி சேர்ந்த பிறகு ஆரம்பிக்காதே. கீழே இறங்கினால் "மலையாளி என்றால் கேரளாவா?" என்று எவராவது கேட்பார். கோபப்படாமல் "சேர்வராயன் மலை" என்று சொல்.

தாத்தா காலத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பம். சான்றிதழில் பி.சி. என்று வருகிறது. எங்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறைப் பணம் கிடையாதாமே?

தவறான தகவல். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியர்களும், 1990 முதல் பௌத்தர்களும்தான் பட்டியல் சாதியாக எண்ணப்படுகிறார்கள். அதனால் உங்களுக்கு பி.சி. சான்றிதழ். ஆனால் தமிழ்நாட்டில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் மாநில அரசு தன் பணத்திலிருந்து அந்தத் துறை மூலமே உதவித்தொகை தருகிறது. சிறுபான்மை உதவித்தொகைக்கும் நீங்கள் தகுதிதான், ஆனால் ஒன்றைத்தான் வாங்க முடியும். கல்லூரியில் விண்ணப்பம் வாங்கும் ஊழியருக்கே சில சமயம் இது தெரியாது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை, தறி வீட்டுப் பையன்: வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுகிறோம். நாங்களும் சிறுபான்மைதானே?

மொழிச் சிறுபான்மை. மத்திய உதவித்தொகை மதச் சிறுபான்மைக்கு மட்டும். தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களுக்கும் இதே பதில். சௌராஷ்டிரர் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள், அந்த வழியில் போங்கள்.

ஏற்காட்டில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். புதுமைப் பெண் எங்களுக்கு இல்லை என்றார்களே?

முன்பு இல்லை, உண்மை. 2024 டிசம்பர் இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். உங்களுக்குத் தம்பி இருந்தால், ஆண் பிள்ளைகளுக்கு இதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

முனைவர் பட்டம் படிக்கிறேன். மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் திரும்ப வருமா?

அதை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள். காத்திருக்க வேண்டாம். நெட் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கப் பாருங்கள். பி.சி. முஸ்லிம் என்றால் ஓ.பி.சி. தேசிய ஃபெலோஷிப்புக்கும் வழி உண்டு.

கடன் வாங்கலாமா?

உதவித்தொகை போதாதபோது மட்டும். டாம்கோ என்ற தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் மூலம் சிறுபான்மையினருக்குக் கல்விக் கடன் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வட்டி 3 சதவீதம். கலெக்டர் ஆபீஸில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஜாமீனுக்கு யார் என்று முதலிலேயே யோசித்து வையுங்கள், மனுக்கள் அங்கேதான் தேங்கி நிற்கும்.

1,500 ரூபாய் கொடுத்தால் உதவித்தொகைக்கு "சாங்ஷன்" வாங்கித் தருவதாக நெட் சென்டர்க்காரர் சொல்கிறார்.

தராதீர்கள். விண்ணப்பம் இலவசம். உங்கள் ஓ.டி.பி.யையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை. வருமானச் சான்றிதழ் எப்படி?

இ-சேவை மையத்தில் 60 ரூபாய். போன வருஷத்துச் சான்றிதழை நீட்டாதீர்கள், புதிதாக எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார், பட்டறையில் கூலிக் கணக்கு எழுதும் நோட்டு இருந்தால் காட்டுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால் எல்லா உதவித்தொகையும் போய்விடும். ஆடியில் வேலை குறைவு, தீபாவளிக்கு முன் அதிகம் என்பது அவருக்கும் தெரியும். வருஷத்துக்குச் சேர்த்து ஒரு தொகையைச் சொல்லுங்கள், குடும்ப அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.