வெள்ளிக்கிழமை முடியாது, சார்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். கிளையன்ட் ஜெர்மனியில். "இந்தியர்கள் எதைக் கேட்டாலும் எஸ் சொல்கிறீர்கள். முடியவில்லை என்பதைக் கடைசி நாளில்தான் சொல்கிறீர்கள்" என்று அங்குள்ள மேலாளர் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். என் மேனேஜரோ, "கிளையன்ட்டிடம் நோ சொல்லவே கூடாது" என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன். மேனேஜரைத் தாண்டி நேரடியாகக் கிளையன்ட்டிடம் பேசிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாண்டிப் போகாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஜெர்மானியர் சொன்னதை மனம் நொந்து ஒதுக்கியும் விடாதீர்கள்.

2006இல் மியூனிக் கிளையன்ட் ஒருவருக்காகச் சரக்குக் கிடங்கு மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். "வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா?" என்று கேட்டார். "ஓகே" என்றேன். வராது என்று செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. "ராத்திரி உட்கார்ந்து முடிச்சுடலாம்மா" என்றார் என் மேனேஜர். நானும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை, மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வேறு ஊர்க் கிடங்கிலிருந்து ஆறு பேர் ரயிலேறி வந்து வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். கிளையன்ட் சத்தம் போடவில்லை. "முடியாது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தாமதத்தை அவர் சீக்கிரமே மறந்துவிட்டார். நான் பேசாமல் இருந்த அந்த நாட்களை மறக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

நாம் பொய் சொல்வதில்லை. நம் ஊரில் 'சரிங்க' என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்றும் அர்த்தம். 'பார்க்கலாம்' என்றால் பாதி நேரம் 'முடியாது'. கேட்கிறவருக்குக் குரலிலேயே புரிந்துவிடும். அந்த ஜெர்மானியருக்கோ எஸ் என்பது தேதி குறித்துக் கொடுத்த வாக்கு. அதை நம்பி அங்கே பத்துப் பேருடைய வாரம் திட்டமிடப்படுகிறது. நாம் 'ஒரு டவுட்' என்று கேள்வி கேட்பதும் இப்படித்தான். சந்தேகம் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போடுகிறோம். அவருக்கு அது, தன் மேல் நம்பிக்கை இல்லை என்று கேட்கிறது. 'ஒரு கேள்வி' என்று மாற்றிப் பாருங்கள்.

இதற்கு அடியில் இருப்பது மேலே உள்ளவரிடம் நமக்கு இருக்கும் பயம். ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக் கணிப்பிலிருந்து 'அதிகார இடைவெளி' என்றொரு அளவுகோலை உருவாக்கினார், நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். மேலே உள்ளவருக்கு அதிக அதிகாரம் இருப்பதைக் கீழே உள்ளவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்களோ, அந்த அளவுக்கு எண் கூடும். அதில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. நாட்டுக்குக் கொடுத்த எண் தனி மனிதரை அளக்காது, உண்மைதான். ஆனாலும் சின்ன வயதிலிருந்து பெரியவர் முன்னால் எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்த நமக்கு, அந்த 77 என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மேனேஜரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தத் தேதியை அவரைக் கேட்காமலேயே யாரோ ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். எஸ்கலேஷன் வந்தால், அதாவது புகார் மேலிடத்துக்குப் போனால், அடி விழுவது அவர் அப்ரைசலில். என்னை வாயடைக்க வைத்த அதே மேனேஜர்தான், டீமில் ஒரு பையனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனை ஊருக்கு அனுப்பிவிட்டு, மூன்று வாரம் அவன் ஷிஃப்டைத் தானே பார்த்தார். மியூனிக்காரர்கள் அதை இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். 'நோ சொல்லாதே' என்பவர் பெரும்பாலும் சண்டைக்குத்தான் பயப்படுகிறார். கையில் ஒரு வழியோடு போனால் கேட்பார். தனியாக, இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சார், வெள்ளிக்கிழமை மொத்தமும் முடியாது. இன்னும் நாலு நாள் வேலை பாக்கி இருக்கு. முதல் ரெண்டு பகுதியை வெள்ளிக்கிழமை கொடுத்துடலாம், மூணாவதை அடுத்த புதன்கிழமை. அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இதில் நோ இருக்கிறது, ஆனால் அவருடைய மரியாதைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பெரும்பாலும் "நீயே சொல்லும்மா" என்பார். அதன்பிறகு நீங்கள் பேசுவது தாண்டிப் போவது ஆகாது.

கிளையன்ட் பக்கமும் தவறு உண்டு. எல்லோர் முன்னாலும் 'இந்தியர்கள்' என்று மொத்தமாகச் சொன்னது சரியில்லை. அது உங்களை வலித்தது நியாயம். இரண்டு முறை சொன்ன தேதியில் கொடுத்து முடித்த பிறகு, அவரிடம் தனியாக அதைச் சொல்லுங்கள். கூடவே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'முடியுமா?' என்று கேட்காமல், 'எது தடையாக இருக்கும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் எஸ் என்பார்கள். இரண்டாவதற்கு உண்மை வரும்.

சங்கடமான செய்தியை ராத்திரி ஒன்பது மணிக்கு மெயிலில் தள்ளிவிடாதீர்கள்; அவர் அன்றைய வேலையை முடித்துக் கிளம்பியிருப்பார். கோடையில் நமக்கு மதியம் 12 மணி என்றால் அங்கே காலை 8.30. அந்த நேரத்தில் போனிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்கள். தன் ஆட்களை வேறு வேலைக்கு மாற்ற அவருக்கு அந்த நாள் முழுவதும் இருக்கும்.