டீ-ஷர்ட் தொழில்: மெஷினுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: நான் வரைந்த டிசைன்களை டீ-ஷர்ட்டில் போட்டு ஆன்லைனில் விற்கிறேன். ஆர்டர் வந்ததும் ஒரு நிறுவனம் ஒவ்வொன்றாக அச்சிட்டு அனுப்பிவிடும். மொத்தம் 30 டிசைன் இருக்கிறது. வாரத்துக்கு நான்கைந்து போகும். போனாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. திரையில் பளிச்சென்று இருந்த நிறம் துணியில் மங்கிவிட்டது என்று வேறு இரண்டு பேர் குறை சொன்னார்கள். சொந்தமாக டிடிஎஃப் பிரிண்டர் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறைக்கானது) வாங்கி, டீ-ஷர்ட்டை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டால் லாபம் வருமா?

பதில்: பிரிண்டர் இப்போது வேண்டாம். அது தினமும் ஓட வேண்டிய மெஷின். அதில் ஊற்றும் வெள்ளை மையில் டைட்டானியம் டையாக்சைடு இருக்கிறது. கனமான பொருள் என்பதால் அசையாமல் விட்டால் அடியில் படிந்து, பிரிண்ட் ஹெட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஆர்டரே வராத வாரத்திலும் மையைக் கலக்கி, ஹெட்டைச் சுத்தம் செய்து, சோதனைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு நான்கைந்து ஆர்டருக்கு இவ்வளவு பராமரிப்பு கட்டுப்படியாகாது. உங்கள் பலம் வரைவதில் இருக்கிறது. அந்த நேரத்தை மெஷினுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மொத்தமாக வாங்கி வைப்பதில் உள்ள ஆபத்தைக் கணக்குப் போட்டே பாருங்கள். 30 டிசைன், ஒவ்வொன்றும் இரண்டு துணி நிறம், ஐந்து சைஸ் என்றால் 300 வகை. வகைக்கு மூன்று வைத்தாலும் 900 டீ-ஷர்ட். பெரும்பாலும் நடுச் சைஸ்கள் முதலில் தீரும். ஓரச் சைஸ்கள் தங்கும். 'ஸ்டாக் நிறைய இருக்கிறது, கேட்ட சைஸ் மட்டும் இல்லை' என்ற நிலைக்கு வந்து நிற்கும் சின்னக் கடைகள் ஏராளம். டிசைன் ஒரு தடவை துணியில் ஏறிவிட்டால் அந்தத் துணியை வேறு எதற்கும் திருப்ப முடியாது. பணம் முடங்குவது அங்கேதான்.

அதனால் டிசைனையும் சைஸையும் கடைசி நிமிடம் வரை பிரித்தே வையுங்கள். டிடிஎஃப் முறையில் டிசைன் முதலில் ஒரு ஃபிலிமில் அச்சாகிறது. பிறகுதான் சூட்டில் துணிக்கு மாறுகிறது. அந்த ஃபிலிமை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நீளத் தாளில் நாலைந்து டிசைன்களை நெருக்கி அடுக்கி வாங்கினால் செலவு இன்னும் குறையும். நீங்கள் வாங்க வேண்டியது சூட்டோடு அழுத்தி ஒட்டும் ஒரு ஹீட் பிரஸ் மெஷினும், ஒரே நிறத்தில் ஐந்து சைஸ் பிளெய்ன் டீ-ஷர்ட்டும்தான். 30 வேண்டாம், நான்கு டிசைன் போதும், காரணம் பின்னால் சொல்கிறேன். நான்கு டிசைன் என்றால் நான்கு வகை ஃபிலிம், ஐந்து வகைத் துணி. ஆர்டர் வந்த அன்று எந்த ஃபிலிமை வேண்டுமானாலும் எந்தச் சைஸிலும் ஒட்டலாம். பொதுவாக 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி. சில ஃபிலிம்களைச் சூட்டோடு உரிக்க வேண்டும், சிலவற்றை ஆறவிட்டு உரிக்க வேண்டும், விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரித்த பிறகு மேலே ஒரு தாளை வைத்து இன்னொரு முறை அழுத்தினால் பிடிப்பு கூடும். ஃபிலிமை ஈரம் படாமல், மடியாமல் வையுங்கள்.

இரண்டாவது வழி முன்பதிவு. ஒரு டிசைனுக்குப் பத்து நாள் மட்டும் ஆர்டர் எடுத்து, சைஸ் எண்ணிக்கை கையில் வந்த பிறகு ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு, அதாவது வலைத்திரை வழியாக மையைத் துணியில் இழுத்து அச்சிடும் முறைக்குக் கொடுப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன் தயாரிக்க வேண்டும். கறுப்புத் துணி என்றால் அடியில் பூசும் வெள்ளைக்கும் தனி ஸ்க்ரீன். ஆகவே, இரண்டு மூன்று நிறத்தில் முடியும் டிசைனுக்கும், சில டஜன் ஆர்டருக்கும் இது பொருந்தும். துணியில் நன்றாகப் பதிந்து, நீண்ட நாள் உழைப்பதில் எனக்கு இன்றும் ஸ்க்ரீன் பிரிண்டிங் மேல்தான் நம்பிக்கை. டெலிவரி எப்போது என்பதை மட்டும் தாராளமாகவே கணக்கிட்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் நிற்காததற்கு வருவோம். விற்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, துணியும் அச்சும் 45, பேக்கிங்கும் ஷிப்பிங்கும் 12, பணம் வாங்கும் கேட்வே 3, விளம்பரம் 15, திரும்பி வருவது, பாழாவது 5. மிச்சம் 20. ஒவ்வொன்றாக அச்சிட்டு அனுப்பும் முறையில் முதல் வரி 65 ஆகிவிட்டால் மிச்சமே இல்லை. உங்கள் கணக்கை இதே மாதிரி எழுதிப் பாருங்கள். பலரும் விளம்பரத்தையும் ரிட்டர்னையும் எழுதவே மாட்டார்கள்.

சரி, நிறம். திரை காட்டுவது ஒளி. துணியில் விழுவது மை. நியான் பச்சை, மின்னும் நீலம், கத்தரிப்பூ நிறத்தின் பளபளப்பு இவை சாதாரண நான்கு நிற மையில் அப்படியே வராது. அச்சிடுபவரிடம் கலர் புரொஃபைல் (அவருடைய மெஷினில் எந்த நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, வரையும் மென்பொருளில் அதைப் போட்டுப் பார்த்தால் எது மங்கும் என்று முன்கூட்டியே தெரியும். அளவும் முக்கியம். 12 அங்குல அகலப் பிரிண்டுக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 3600 பிக்சல் வேண்டும். சமூக ஊடகத்துக்காக 1080 பிக்சலில் வரைந்த படம் அதே தரத்தில் 3.6 அங்குலம்தான் வரும்.

இதைவிட அதிகம் கெடுப்பது பாதி ஒளிபுகும் பிக்சல்கள். கறுப்பு டீ-ஷர்ட்டில் ஒரு நிலா, அதைச் சுற்றி மெல்லக் கரையும் மஞ்சள் ஒளி என்று வைத்துக்கொள்வோம். திரையில் அந்த ஒளி கறுப்பில் அழகாகக் கலந்துவிடும். அச்சிலோ நிற மைக்கு அடியில் வெள்ளை மை விழ வேண்டும். கரையும் இடத்தில் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். நிலாவைச் சுற்றிப் பால் சிந்திய மாதிரி ஒரு வளையம் தெரியும். மை மெலிந்த ஓரத்தில் டிசைனைத் துணியில் பிடிக்க வைக்கும் டிடிஎஃப் பசைத்தூளும் சரியாக ஒட்டாது, துவைக்கத் துவைக்க உதிரும். கரையும் ஒளியை ஹாஃப்டோன் புள்ளிகளாக மாற்றுங்கள்: ஒவ்வொரு புள்ளியும் முழு நிறம், இடைவெளியில் வெறும் துணி. அதே போல, கறுப்புத் துணிக்குப் போகும் டிசைனில் உள்ள கறுப்பை அழித்துவிடுங்கள், துணியே கறுப்பாக நிற்கட்டும். மை குறையும், நெஞ்சில் அட்டை ஒட்டியது போன்ற கனமும் காற்றுப் புகாத புழுக்கமும் போகும். உங்களிடம் குறை சொன்ன இரண்டு பேருக்குப் போன கோப்புகளை முதலில் இந்தக் கண்ணோடு திறந்து பாருங்கள்.

சைஸ் விஷயத்தில் ஒரே வேலைதான். எம், எல் என்ற எழுத்தை நம்பாமல், டீ-ஷர்ட்டைச் சமமாக விரித்து மார்பு அகலத்தையும் உயரத்தையும் அளந்து போடுங்கள். ஒரு தடவை துவைத்த பிறகு திரும்பவும் அளந்து, சுருங்கியதையும் எழுதிவிடுங்கள். பிரிண்ட் நிற்கிறதா என்பதையும் விற்பதற்கு முன்பே பலமுறை துவைத்துப் பார்க்க வேண்டும்.

30 டிசைனை நான்காகக் குறைக்கச் சொன்னால் மனசு கேட்காது என்று தெரியும். ஆனால் கடைக்குள் வருபவர் 'இது எனக்கான கடை' என்று உணர ஒரே குரலில் பேசும் நான்கு டிசைன் போதும். எந்த நான்கு என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். 2000-இல் சிகாகோவில் தொடங்கிய திரெட்லெஸ் என்ற டீ-ஷர்ட் நிறுவனம், இணையத்தில் பயனர்கள் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தவற்றை அச்சிட்டே வளர்ந்தது. உங்களைப் பின்தொடர்பவர்களிடம் மாதிரிப் படங்களைக் காட்டிக் கேளுங்கள். லைக்கை எண்ணாதீர்கள், 'எந்தச் சைஸ் வேண்டும்' என்று கேட்டு, அதற்கு வரும் பதிலை எண்ணுங்கள்.

கடைசியாக உரிமை. நடிகர் முகம், பட வசனம், விளையாட்டு அணியின் சின்னம் எதுவும் அனுமதியில்லாமல் வேண்டாம். 'நானே கையால் வரைந்தேன்' என்பது மட்டும் காப்பாற்றாது. அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி 2008-இல் ஒபாமாவை வரைந்த ஹோப் போஸ்டர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டது. அதனால் இருவருக்கும் இடையே எழுந்த உரிமை வழக்கு 2011-இல் சமரசத்தில்தான் முடிந்தது. எழுத்துருவும் இதில் சேரும். இலவசமாகக் கிடைக்கும் பல எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். விற்கும் பொருளில் போடத் தனி லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸின் நகலை டிசைன் கோப்போடு ஒரே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள்.