தஞ்சாவூரில் கடைந்த கார் பாகத்தைத் தாய்லாந்துக்கு வரியில்லாமல் அனுப்ப முடியுமா?

தஞ்சாவூர் லேத் பட்டறையில் கடைந்த கியர் ஷாஃப்டை, தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டித் தாய்லாந்து கார் கம்பெனிக்கு வரியில்லாமல் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் லேத் எந்த ஊரில் ஓடுகிறது என்பதை வைத்துச் சலுகை கிடைக்காது. அதில் ஏற்றிய இரும்பு எந்த நாட்டுச் சரக்கு, அதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் பாகத்தின் ஆறு இலக்க எச்எஸ் எண் (உலக நாடுகள் சரக்கை வகைப்படுத்தும் பொது எண்) தாய்லாந்தின் சலுகைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

2010 ஜனவரியில் அமலுக்கு வந்த ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு நிபந்தனை போடுகிறது: எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும்வரையான விலை) குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளின் மதிப்பு; வெளிநாட்டு மூலப்பொருளின் ஆறு இலக்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருப்பது. இரண்டும் தேறவேண்டும். பலர் முதலாவதை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு இரண்டாவதில் மாட்டுகிறார்கள்.

ஷாஃப்ட் ஒன்றின் எஃப்ஓபி 1,000 ரூபாய் என்று வையுங்கள். சீனாவிலிருந்து வந்த ஃபோர்ஜிங் (இரும்பைக் காய்ச்சி அடித்து வடிவம் கொடுத்த துண்டு) 420 ரூபாய். வியாபாரியிடம் மில் சர்டிபிகேட் (இரும்பைச் செய்த ஆலை தரும் சான்று) இல்லாமல் வாங்கிய உதிரிகள் 150. பூர்வீகம் தெரியாத பொருளும் வெளிநாட்டுக் கணக்கில்தான் சேரும். ஆக வெளிநாட்டுப் பங்கு 57 சதவீதம்; 65 வரை இடம் உண்டு, முதல் நிபந்தனை தேறிவிட்டது. வாங்குபவர் பேரம் பேசி விலையை 850-க்கு இறக்கினால் அதே 570 ரூபாய் 67 சதவீதமாகி, சலுகை போச்சு. தள்ளுபடி கொடுக்கும் முன் இதைப் போட்டுப் பார்ப்பவர் குறைவு.

இனி இரண்டாவது நிபந்தனை, எண். கார் கியர்பாக்ஸும் அதன் பாகங்களும் ஒரே எண்: 8708.40. ஷாஃப்ட் வடிவம் வந்துவிட்ட ஃபோர்ஜிங்கும், கடையாமல் இருந்தாலும், அதே எண்ணில்தான் விழும். எவ்வளவு கடைந்தாலும் எண் மாறாது; சீன ஃபோர்ஜிங் இங்கேதான் தோற்கும். அதே ஷாஃப்டை இறக்குமதி அலாய் ஸ்டீல் பாரிலிருந்து (7228) செய்தால் எண் மாறிவிடும். உள்நாட்டு ஃபோர்ஜிங் என்று காகிதத்தோடு நிரூபித்தால் எண் மாறவேண்டிய அவசியமே இல்லை.

பெரிய கம்பெனிகள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆலையையே வைக்கின்றன. இந்தியா-தாய்லாந்து இடையே 82 பொருள்களுக்கு வரிக் குறைப்பு 2004 செப்டம்பரில் தொடங்கியது. டொயோட்டா பெங்களூரு அருகே பிடதியில் கியர்பாக்ஸ் செய்து வெளிநாட்டு ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். வட அமெரிக்காவில் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த ஒப்பந்தம், படிப்படியாக ஏற்றி, காருக்கு இப்போது 75 சதவீத உள்ளூர் மதிப்பு கேட்கிறது. அதோடு 40 சதவீதம், மணிக்கு 16 டாலர் கூலி கொடுக்கும் ஆலைகளிலிருந்து வந்திருக்கவேண்டும். "35 சதவீதமே கஷ்டமா?" என்று கமெண்ட் போடப்போகிறவர்கள் அதையும் பார்க்கட்டும்.

பொருளின் பூர்வீகத்தைக் காட்டும் மூலச் சான்றிதழை டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் விண்ணப்பித்து வாங்கவேண்டும். பெட்டி தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாகப் போனால் கடைசித் துறைமுகம் வரைக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) இருக்கட்டும். நடுவில் பெட்டியைத் திறக்கக்கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், பட்டறையே போடமுடியாது" என்று நம் ஊரில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். 2020 சட்டத்தின் தடைப் பட்டியலில் இருப்பவை உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய்-எரிவாயு எடுப்பு மாதிரியானவை. லேத் இல்லை. படிக்காமலே பயமுறுத்துகிறார்கள்.

ஏற்றுமதியே வேண்டாம், சென்னை அருகே ஒரகடத்துக் கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்தால் போதும் என்றாலும் இது உங்களை விடாது. அவர்கள் ஏற்றுமதி செய்யும்போது உங்களிடம் பூர்வீக உறுதிமொழி கேட்பார்கள். பார் முனையில் குத்தியிருக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்), அறுத்தவுடன் முதல் துண்டோடு போய்விடும். அறுப்பதற்கு முன்பே அதை ஜாப் கார்டில் எழுதி, மில் சர்டிபிகேட் நகலைப் பின் செய்துவையுங்கள்.