இரும்புச் சட்டியில் பழக் காபி கேக்: ஓரம் கருகுவதிலிருந்து கைப்பிடி சுடுவது வரை

வந்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: ஓரம் கருகுகிறது, நடு வேகவே இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கீழே சொல்லும் நேரம், சூடு எல்லாம் 25 செ.மீ. (10 அங்குல) வார்ப்பிரும்பு ஸ்கில்லெட்டுக்கு. மாவுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவு: மைதா 220 கிராம், சர்க்கரை 140 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 2, பால் 150 மி.லி., பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பழம் 250 கிராம். மேலே தூவ: மைதா 75 கிராம், பிரவுன் சுகர் 65 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், பட்டைத் தூள் 1 டீஸ்பூன்.

கேக் டின்னில் 175 டிகிரியில் அழகாக வரும் அதே கேக், இரும்புச் சட்டியில் ஓரம் கருகி, நடுவில் கொழகொழவென்று இருக்கிறது. ஓவன் கோளாறா?

ஓவன் மேல் பழி போடாதீர்கள். சட்டியின் குணம் அது. இரும்பு சூட்டை நிறையப் பிடித்து வைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் கிராமுக்குக் கிராம் பார்த்தால் அலுமினியம் பிடிப்பதில் பாதிதான் இரும்பு பிடிக்கிறது. ஆனால் உங்கள் சட்டியின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். டின் அதில் ஒரு சிறு பங்குகூட இராது. அந்த எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம். முதல் பத்து நிமிடம் சட்டி சூட்டை விழுங்கிக்கொண்டு சும்மா இருக்கும். அப்புறம், விழுங்கியதையெல்லாம் தன்னை ஒட்டியிருக்கும் மாவுக்குக் கொடுக்கத் தொடங்கும். கறுப்பு நிறம் வேறு, ஓவன் சுவரிலிருந்து வரும் அனலை நன்றாக இழுக்கிறது. ஓரம் இப்படி வெந்துகொண்டிருக்க, நடுவுக்கு மாவு வழியாகத்தான் சூடு போய்ச் சேர வேண்டும்.

முதலில் சூட்டைக் குறையுங்கள். 175-க்குப் பதில் 160 முதல் 165 டிகிரி செல்சியஸ். விசிறி ஓடும் ஓவன் என்றால் இன்னும் 15 டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். 45 நிமிடம் பிடித்தால் பிடிக்கட்டும். சட்டியை நடுத்தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டில் வேண்டாம்.

அடுத்தது பழம் வைக்கும் இடம். அழகுக்காக நடுவில் குவித்து வைக்கிறோம் இல்லையா, அங்கேதான் வம்பு. ஏற்கெனவே தாமதமாக வேகும் இடத்தில் தண்ணீர் நிறைந்த பழத்தையும் குவித்தால் எப்போது வேகும்? பழத்தில் பெரும்பங்கை ஓரத்தை ஒட்டி வட்டமாக வையுங்கள். நடுவில் நாலைந்து துண்டு போதும். ஈரம் ஓரத்தைக் கருகாமல் காக்கும், நடுவுக்கும் பாரம் குறையும். மாவை ஊற்றியதும் கரண்டியின் பின்புறத்தால் நடுவில் லேசாகப் பள்ளம் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் மேல்புறம் சீக்கிரம் சிவந்தால், கடைசி 15 நிமிடம் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டுவிடுங்கள். இறுக்கி மூடினால் ஆவி அடைத்து மேல்தூவல் நமுத்துவிடும்.

சட்டியை ஓவனில் முன்கூட்டியே காயவைத்து மாவை ஊற்றச் சொல்கிறார்களே?

அது சோள ரொட்டிக்குச் சரி. அந்த மாவில் சர்க்கரை குறைவு, சீக்கிரம் வெந்துவிடும், ஓரம் மொறுமொறுவென்று இருப்பதுதான் அதன் ருசியே. சர்க்கரையும் பழமும் சேர்ந்த கேக் மாவைக் கொதிக்கும் சட்டியில் ஊற்றினால் ஓரம் உடனே இறுகி, உப்ப வேண்டிய நேரத்தில் உப்ப முடியாமல் நடு மட்டும் மேடாகி வெடிக்கும். வெண்ணெய் உருகுகிற அளவுக்கு அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கி, அதைப் பக்கவாட்டிலும் தடவி, கை பொறுக்கும் சூட்டில் மாவை ஊற்றுங்கள்.

காபித்தூள் எத்தனை ஸ்பூன் போட வேண்டும்? உங்கள் அளவில் காணவில்லையே.

போட வேண்டாம். காபியோடு சாப்பிடுகிற கேக் இது, அவ்வளவுதான். ஆசையாக இருந்தால் மேல்தூவலில் அரை டீஸ்பூன் சேர்க்கலாம்; ஆப்பிளுக்கு ஒத்துப்போகும், பெர்ரி வகைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பழத்துண்டுகளை மைதாவில் புரட்டித்தான் போடுகிறேன். ஆனாலும் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

மைதாவில் புரட்டுவதற்கு இருக்கும் பேர் பெரிது, பலன் சிறிது. பழத்தின் மேலிருக்கும் ஈரத்தை அது கொஞ்சம் உறிஞ்சும். மாவு தண்ணீராக இருந்தால் எதில் புரட்டினாலும் பழம் மூழ்கத்தான் செய்யும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு நூலாக ஒழுகக் கூடாது. கொஞ்சம் யோசித்து, தொப்பென்று விழ வேண்டும். பால் 150 மி.லி. என்று சொன்னதில் 120 ஊற்றிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மீதியை ஊற்றுங்கள்.

துண்டு ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம். முழுப் பழத்தையும் மாவில் கலக்கவும் வேண்டாம். மாவில் பாதியைச் சட்டியில் பரப்பி, கொஞ்சம் பழம், மீதி மாவு, அதன் மேல் மிச்சப் பழம், அப்புறம் தூவல். மேலே வைத்த பழம் கேக் உப்பும்போது தானாகவே பாதி அளவு உள்ளே இறங்கிவிடும். மாவில் கலந்திருந்தால் அது அடித்தளத்துக்கே போயிருக்கும்.

உறைந்த பழத்தைக் கரையவிட்டுப் போட வேண்டுமா?

வேண்டாம். கரைந்தால் சாறு ஒழுகி மாவு சாயமாகும், தண்ணீராகவும் ஆகும். உறைந்தபடியே கடைசி நிமிடத்தில் போட்டு, வேகும் நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

புளூபெர்ரியைச் சுற்றி மாவு பச்சையாகிவிட்டது. பூஞ்சை பிடித்துவிட்டதா? சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் பழத்தின் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. புளிப்பு இருந்தால் சிவப்பு பக்கம் போகும், காரத்தன்மை இருந்தால் நீலம், பச்சை என்று மாறும். மாவில் சோடா கூடிவிட்டது என்று அர்த்தம். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள். சோடா கட்டாயம் என்றால் பாலுக்குப் பதில் தயிரோ மோரோ ஊற்றி அதைச் சரிக்கட்டுங்கள்.

மேல்தூவல் எனக்கு ஒன்று உருகிக் காணாமல் போகிறது, இல்லையென்றால் கல் மாதிரி ஆகிறது.

இரண்டுக்கும் காரணம் வெண்ணெய். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே வெண்ணெயைச் சிறு சதுரங்களாக நறுக்கி, மைதா, சர்க்கரை, பட்டைத் தூள் கலந்த கிண்ணத்தில் போடுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அங்கே சூடு அதிகம். கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் நடுவில் ஒவ்வொரு துண்டையும் தட்டையாக நசுக்கி, மாவோடு தேய்த்து, மேலிருந்து உதிர விடுங்கள். முதலில் வெறும் பொடியாகவே இருக்கும், ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். கொஞ்ச நேரத்தில், கைப்பிடி எடுத்து அழுத்தினால் கட்டியாக நின்று, விரலால் தட்டினால் உடையும். அதுதான் பதம், அங்கேயே நிறுத்துங்கள். பாதி ரவைபோலவும் பாதி பட்டாணி அளவு கட்டிகளாகவும் இருந்தால் சரி. எல்லாம் ஒரே சீராக வந்தால் பிசிறியது அதிகம்.

கிண்ணத்தைப் பத்து நிமிடம் உறையறையில் வைத்துவிட்டு, மாவு தயாரான பிறகு எடுத்துத் தூவுங்கள். சட்டி ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் விட்டுத் தூவ வேண்டும். இரும்பில் படும் சர்க்கரை உருகி, கேக்கைச் சட்டியோடு ஒட்டவைத்துவிடும். கல் மாதிரி ஆவது, வெண்ணெயை உருக்கி ஊற்றிவிட்டு அழுத்திப் பரப்பியதால். தூவியதைத் தட்டவே கூடாது.

நேற்று அதே சட்டியில் மீன் வறுத்தோம். கேக் போடலாமா?

போட்டால் மீன் கேக்தான். பழக்கின சட்டியின் எண்ணெய்ப் படலம் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். அதே வாசனையை வெண்ணெய் நன்றாக இழுக்கும். காலிச் சட்டியை 200 டிகிரியில் அரை மணி காயவைத்து, ஆறியதும் கல் உப்பும் காகிதமும் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். பெரும்பாலும் போய்விடும். மூக்கை வைத்துப் பார்த்துச் சந்தேகமாக இருந்தால் பட்டர் பேப்பர் விரித்துவிடுங்கள். வசதி உள்ளவர்கள் இனிப்புக்கென்று ஒரு சட்டியைத் தனியே வைத்துக்கொள்வது நிம்மதி.

அன்னாசி, பிளம் போன்ற புளிப்புப் பழங்கள் சட்டியின் பழக்கத்தைக் கெடுத்துவிடாதா?

முக்கால் மணி நேரத்தில் கெடாது. பல மாதம் புழங்கிய சட்டிக்கு இது ஒன்றுமே இல்லை. கெடுப்பது வேறு: மீந்த கேக்கைச் சட்டியிலேயே மூடி, இரவு முழுக்க விட்டுவைப்பது. காலையில் அடிப்பகுதி கறுத்து, நாக்கில் இரும்பு ருசி தட்டும். சட்டியிலும் அந்த இடம் வெளிறியிருக்கும். ஆறியதும் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

புதுச் சட்டி, இன்னும் சரியாகப் பழகவில்லை என்றால் புளிப்புப் பழத்தை அடியில் படவிடாமல் மேலே மட்டும் வையுங்கள். வேகவைக்காத அன்னாசியில் இன்னொரு சங்கதி உண்டு. பால், தயிர் சேர்ந்த மாவில் அதைக் கலந்து வெகுநேரம் வைத்தால், அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். கலந்த கையோடு ஓவனுக்குள் தள்ளிவிட்டால் கவலையில்லை, சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

எங்களிடம் இருப்பது 20 செ.மீ. சட்டி.

பரப்பளவு பார்த்தால் 25 செ.மீ. சட்டியில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், முட்டையும் ஒன்றாகக் கணக்கு சரியாக வரும். 30-வது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். எதுவானாலும் சட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது.

குச்சி குத்திப் பார்த்தால் ஈரமாகவே வருகிறது. வெந்ததா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

குச்சி பழத்தில் குத்தியிருக்கும். இரண்டு மூன்று இடங்களில் குத்துங்கள். ஒட்டியது சாறா மாவா என்று விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியும். சாறு வழுக்கும், பச்சை மாவு பசையாக இழுக்கும். ஓரம் சட்டியை விட்டு ஒரு நூலளவு விலகியிருக்க வேண்டும். சட்டியை லேசாக ஆட்டினால் நடு தளும்பக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 95 டிகிரியை ஒட்டிக் காட்டும்போது முடிந்தது.

இரும்புச் சட்டியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவனை விட்டு வெளியே வந்த பிறகும் கேக் வெந்துகொண்டேதான் இருக்கும். குச்சியில் இரண்டொரு ஈரத் துணுக்கு ஒட்டும் நிலையிலேயே எடுத்துவிடுவது என் வழக்கம். முழுக்கச் சுத்தமாக வரும்வரை காத்திருந்தால், ஆறுவதற்குள் ஓரம் ரஸ்க் ஆகிவிடும். எடுத்ததும் கம்பி வலைத்தட்டில் வையுங்கள், அடியில் காற்றுப் போகட்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத் துணி மேலோ தண்ணீரிலோ வைத்தால் சட்டி விரிசல் விடலாம்.

ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பில் முடியுமா?

கேக் முடியும், மேல்தூவல் முடியாது. மூடிக்குள் சுற்றும் ஆவியில் அது கூழாகிவிடும். அதனால் தூவலை மறந்துவிட்டுத் தலைகீழ்க் கேக்காகச் செய்யுங்கள். சட்டியில் 40 கிராம் வெண்ணெயை உருக்கி, நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை தூவி, பழத்துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மாவை ஊற்றுங்கள்.

இரும்பு சூட்டைப் பரப்புவதில் மந்தம். அலுமினியம் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். தீ படும் வட்டம் மட்டும் கருகி, மற்ற இடம் பச்சையாக நிற்பது இதனால்தான். அடியில் ஒரு பழைய தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் சட்டியை வைத்து, தீயை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். மூடியை ஒரு துணியால் சுற்றி, நுனிகளை மேலே முடிந்துவிட்டால் ஆவித் துளி மாவில் சொட்டாது. துணி தீப்பக்கம் தொங்காமல் இருப்பது முக்கியம். 35 நிமிடத்தில் பாருங்கள். அதற்கு முன்பே சர்க்கரை தீயும் வாசனை வந்தால் தீயை அணைத்துவிட்டு மூடியபடியே பத்து நிமிடம் விடுங்கள், சட்டியில் இருக்கும் சூடே மீதியை வேகவைக்கும். அடுப்பிலிருந்து இறக்கி ஏழெட்டு நிமிடத்தில் கவிழ்த்துவிட வேண்டும், தாமதித்தால் பாகு இறுகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு கிலோ சட்டியும் ஒரு கிலோ கேக்கும் சேர்ந்த கனம் அது. இரண்டு கையிலும் உறை போட்டுக்கொண்டு, முடிந்தால் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டியில் பாகு இறுகிப் பிடித்துவிட்டது. சோப்பு போடலாமா, கூடாதா?

வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் சர்க்கரை கரைந்துவிடும், மரக் கரண்டியால் வழித்துவிடலாம். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் போட்டால் ஒன்றும் ஆகாது. அந்தக் காலத்துக் காரமான சோப்புக்குச் சொன்ன எச்சரிக்கையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிடுவதுதான் தப்பு. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, சில சொட்டு எண்ணெய் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கூடினால் பிசுக்காகும்.

கேக்கை எடுத்து இருபது நிமிடம் ஆகியும் கைப்பிடியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன்.

கைப்பிடியும் அதே இரும்புதானே. ஓவனிலிருந்து எடுத்த நிமிடமே கைப்பிடி மேல் தடித்த துணியுறை ஒன்றை மாட்டிவிட்டு, கேக் முழுக்க ஆறும்வரை கழற்றாதீர்கள். மேசைக்கு அப்படியே கொண்டுபோவதானால் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், குழந்தைகள் கை எட்டாது.