50 மெகாஹெர்ட்ஸ் கார்டை 80-க்கு ஏற்றலாமா?

கேள்வி: என் பழைய அமிகா 1200 கம்ப்யூட்டரில் 68060 ப்ராசசர் கொண்ட ஆக்சிலரேட்டர் (வேகம் கூட்டும்) கார்டு 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. துடிப்பு தரும் ஆசிலேட்டரை மாற்றி 66-க்கோ 80-க்கோ ஏற்றினால் சிப் எரிந்துவிடுமா? ஒருவர் ‘100-ல் டெஸ்ட் செய்தது’ என்று வேறொரு 68060 விற்கிறார். வாங்கலாமா?

பதில்: எரிவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 68060 ஓடுவது 3.3 வோல்ட்டில், 5 வோல்ட்டில் கொதிக்கும் முந்தைய ப்ராசசர் 68040 அளவுக்குச் சூடாகாது. வேகம் ஏற ஏறச் சூடும் ஏறும்தான். ஒரு ஹீட் சிங்க், ஒரு சின்ன ஃபேன் போதும்.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பிழைக்கு. பல கார்டுகளில் ப்ராசசருக்கும் ராமுக்கும் நேரம் சொல்வது ஒரே ஆசிலேட்டர். 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 20 நானோ நொடி, 80-ல் 12.5. மூன்று துடிப்பு காத்திருந்து ராமைப் படிக்கும் கார்டு முன்பு 60 நானோ நொடி பொறுத்தது, இப்போது 37.5-லேயே கை நீட்டும். 60 நானோ நொடி ராம் என்ன செய்யும்? அரைகுறையாகக் கொடுக்கும். அமிகாவின் முகப்புத் திரையான வொர்க்பெஞ்ச் திறக்கும், கேம் ஓடும், நீங்களும் ஜெயித்துவிட்டதாக நினைப்பீர்கள். கெட்டுப்போன பைட்டுகள் அதற்குள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும். இதற்கெல்லாம் கிடைக்கும் லாபமும் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை: படமும் ஒலியும் இருக்கும் ‘சிப் ராம்’ என்ற அமிகாவின் சொந்த ராமுக்குப் போகும் வழி பழைய வேகத்திலேயே நிற்பதால், படம் வரைவதை நம்பியிருக்கும் கேம்கள் பெரிதாக மாறாது.

இனி அந்த விற்பனையாளர். 100-ல் டெஸ்ட் செய்தது என்றால் எந்தக் கார்டில், எந்த ராமோடு, எத்தனை மணி நேரம்? பூட் ஆகி ஐந்து நிமிடம் நின்றதைக்கூட டெஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 68060-ல் மூன்று வகை உண்டு. முழு சிப், தசமக் கணக்குப் பகுதியான எஃப்பியு இல்லாத எல்சி, எஃப்பியுவோடு, ராம் முகவரிகளைக் கையாளும் எம்எம்யுவும் இல்லாத ஈசி. கடைசியாக வந்த ஆறாவது ரிவிஷன் (திருத்திய பதிப்பு)தான் நன்றாக வேகம் ஏறும். அதன் மேல் 71ஈ41ஜே என்று இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்துபோனதால், மலிவான எல்சியின் முதுகைத் தேய்த்து, முழு சிப்பின் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். புகார் கொடுத்தால் விற்பனைத் தளங்கள் கேட்பது சிப்பின் போட்டோவை! போலியே அந்த அச்சுதான் என்கிறபோது போட்டோ எதை நிரூபிக்கும்? இதைப் புரியவைப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

எனவே அச்சை நம்பாதீர்கள். சிப்புக்குள் இருக்கும், அதன் அடையாள எண்ணை வைத்திருக்கும் பிசிஆர் ரெஜிஸ்டரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முழு 68060 என்றால் 0430, எல்சியும் ஈசியும் 0431. ரிவிஷன் எண்ணும் அங்கேயே இருக்கும். காட்ட மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு. எல்சி என்று சொல்லியே, எல்சி விலைக்கே தந்தால் அது மோசடி அல்ல, நல்ல சிப்தான். 75 மெகாஹெர்ட்ஸுக்கென்றே வந்த அசல் எல்சிகளும் உண்டு. வொர்க்பெஞ்ச், எழுத்து வேலை, பெரும்பாலான கேம்கள் எஃப்பியுவைத் தேடுவதில்லை. ஆனால் முப்பரிமாண ரெண்டரிங் செய்பவர், எஃப்பியு கேட்கும் டெமோக்களை ஓட்டுபவர் என்றால் எல்சி உதவாது. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் இல்லாத பகுதி முளைக்காது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்வேன் என்றால் இப்போது இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், அது முழு சிப்தானா என்று அதே ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டு.

வேகம் ஏற்றியே ஆக வேண்டுமா? முதலில் டிஸ்க்கை முழுதாக பேக்கப் எடுங்கள். ஆசிலேட்டரைச் சால்டர் செய்யாமல் சாக்கெட் வைத்து, 60 போடுங்கள். ஒரு இரவு முழுக்க மெமரி டெஸ்ட் ஓடட்டும். காலையில் ஒரு பெரிய எல்எச்ஏ ஆர்க்கைவை (சுருக்கிய ஃபைல்) பலமுறை விரித்துப் பாருங்கள். டேட்டா கெட்டதைக் காட்டும் சிஆர்சி பிழை ஒன்று வந்தாலும் 50-க்கே திரும்புங்கள். வராவிட்டால் 66. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், 80-க்கு உங்கள் ராம் தாங்காது.