ஒற்றை ஆள் சீட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர், 'தனியாக உட்கார்ந்து சீட்டு ஆடுவது ஒரு மாதிரி இல்லையா?' என்றுதான் தொடங்குகிறார்கள். நான் சரக்கு ரயிலில் கார்டு. (இப்போது அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் காலத்தில் ஆளும் கார்டு, அவன் பையில் இருப்பதும் கார்டு.) ராத்திரி ரெண்டு மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்கி ரன்னிங் ரூமுக்கு (ரயில் ஊழியர் ஓய்வறை) போனால், பக்கத்துக் கட்டிலில் டிரைவர் குறட்டை விடுவார். தூக்கமும் வராது, ரம்மிக்கு ஆளும் கிடைக்காது. அப்படிப் பழகியது இது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

செல்போனை விட்டு நிஜச் சீட்டில் சாலிட்டேர் போடுகிறேன். ஏழு வரிசை ஆட்டம். மாட்டிக்கொண்டால், கவிழ்ந்திருக்கும் சீட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிடுவேன். என் மனைவி, 'உங்களையே ஏமாத்திக்கிறீங்க' என்கிறாள். சொந்தமாக விதி வைத்துக்கொள்வது தப்பா?
_வாசகர், கோவில்பட்டி_

சொந்த விதி தப்பே இல்லை. ஆனால் உங்கள் மனைவி சொல்வதும் சரிதான். சீட்டைக் கலைப்பதற்கு முன்னால் முடிவு செய்தால் அது விதி. மாட்டிக்கொண்ட பிறகு முடிவு செய்தால் அது களவு. இதில் நான் கறார்.

எட்டிப் பார்க்கும் ஆசையை நான் இப்படி அடக்கினேன். ஆட்டம் தொடங்கும்போது மூன்று புளியங்கொட்டை எடுத்து வைப்பேன். ஒரு கொட்டையைக் கொடுத்தால் கவிழ்ந்த சீட்டு ஒன்றைப் பார்க்கலாம். மூன்றும் தீர்ந்தால் அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் ஆட்டமே மாறிவிடும். ஆறாவது வரிசையில் ஐந்து சீட்டு கவிழ்ந்து, மேலே கிளாவர் ஒன்பது கிடக்கிறது என்று வையுங்கள். ஏழாவதில் ஆறு கவிழ்ந்து, மேலே இஸ்பேட் ஒன்பது. சிவப்புப் பத்தின் மேல்தான் கறுப்பு ஒன்பது உட்காரும், வெளியே ஆட்டின் பத்து ஒன்றுதான் இருக்கிறது. எந்த ஒன்பதை அதன் மேல் வைப்பது? வழக்கமாக இது குருட்டு முடிவு. ஒரு கொட்டையைக் கொடுத்து கிளாவர் ஒன்பதுக்கு அடியில் பார்க்கிறீர்கள். ஏஸ் இருந்தால் லாபம். உதவாத ராணி இருந்தாலும், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று தெரிந்துகொண்ட லாபம். தொடக்கத்தில் 21 சீட்டு கவிழ்ந்து கிடக்கும், உங்களிடம் இருப்பதோ மூன்று கொட்டை. எங்கே செலவழிப்பது என்று யோசிப்பதே தனி ஆட்டம்.

தோற்பதுதான் வருத்தம் என்றால் இன்னொரு வழி. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்த சாலிட்டேரில் 'வேகாஸ்' என்று ஒரு கணக்கு முறை உண்டு. ஆட்டத்துக்கு 52 டாலர் கட்டணம், மேலே ஏற்றும் (ஏஸிலிருந்து தொடங்கிச் சின்னவாரியாக அடுக்கும்) ஒவ்வொரு சீட்டுக்கும் 5 டாலர் வரவு. டாலருக்குப் பதில் நோட்டில் புள்ளி போடுங்கள். பதினோரு சீட்டு ஏறினாலே 55, கட்டணம் போக மூன்று மிச்சம். முழுசாக முடியாத ஆட்டத்திலும் 'இன்னும் ஒன்று ஏறிவிட்டால்' என்ற துடிப்பு இருக்கும். கையில் இருக்கும் மீதிக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஒரே சுற்று, மும்மூன்றாகப் புரட்டினால் மூன்று சுற்று. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடிகார ஆட்டம் போடுகிறேன். பதிமூன்று குவியல், குவியலுக்கு நான்கு சீட்டு. எப்போது போட்டாலும் மற்ற சீட்டெல்லாம் புரளும் முன்பே நான்காவது ராஜா வந்து கெடுத்துவிடுகிறார். என் ஆட்டத்தில் என்ன பிழை?
_வாசகி, திருவாரூர்_

உங்களிடம் பிழையே இல்லையம்மா. அந்த ஆட்டத்தில் நீங்கள் செய்ய எதுவுமே இல்லை! வந்த எண்ணின் குவியலில் சீட்டைச் செருகுகிறீர்கள், அங்கிருந்து அடுத்ததை எடுக்கிறீர்கள். கடைசியாகப் புரளும் 52-வது சீட்டு ராஜாவாக இருந்தால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி. 52-ல் நான்கு ராஜா, அதாவது பதிமூன்றில் ஒரு வாய்ப்பு. ஐன்ஸ்டைன் உட்கார்ந்து போட்டாலும் பதிமூன்றில் ஒன்றுதான்.

ஆகவே இங்கே தேவை சலுகை அல்ல, யோசிக்க ஓர் இடம். ஓர் ஆட்டத்தில் இரண்டே தடவை, வந்த ராஜாவை ராஜாக்களுக்கான நடுக் குவியலுக்கு அனுப்பாமல், கவிழ்ந்திருக்கும் வேறொரு சீட்டோடு மாற்றிக்கொள்ளலாம் என்று வையுங்கள். ராஜா அந்த இடத்தில் கவிழ்ந்து படுத்துவிடுவார், எடுத்த சீட்டோடு ஆட்டம் தொடரும். எந்த ராஜாவுக்கு இதைச் செலவழிப்பது, எந்தக் குவியலின் அடியில் புதைப்பது என்பது இனி உங்கள் பாடு. முதல் ராஜாவுக்கே செலவழித்துவிடாதீர்கள், நான் செய்த தவறு அது.

நண்பன் 'ஸ்கவுண்ட்ரல்' என்ற தனியாள் ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். சாதாரணச் சீட்டுக்கட்டிலேயே குகைக்குள் போய் அரக்கர்களோடு சண்டை போடுவது. அருமையாக இருக்கிறது. ஆனால் சிவப்பு ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ், ஜோக்கர் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிடச் சொல்கிறார்கள். அவற்றையும் சேர்த்து ஆட்டத்தைப் பெரிதாக்க முடியுமா?
_கல்லூரி மாணவர், மேலூர்_

தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் அலமாரியிலிருந்து நோட்டையே எடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2011-ல் ஜாக் கேஜ், கர்ட் பீக் என்ற இருவர் வடிவமைத்த ஆட்டம் இது. கட்டில் 44 சீட்டு. கறுப்பு 26-ம் அரக்கர்கள். இரண்டு முதல் பத்து வரை அந்தந்த எண், ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14. டைமண்ட் எல்லாம் ஆயுதம், ஆட்டின் எல்லாம் மருந்து. உங்கள் உயிர் 20, மருந்து குடித்தாலும் அதற்கு மேல் ஏறாது. நான்கு நான்காகச் சீட்டு விரித்தால் அது ஓர் அறை. மூன்றைச் சமாளித்துவிட்டு நான்காவதை அடுத்த அறைக்கு விடலாம். பிடிக்காத அறையை அப்படியே கட்டின் அடியில் தள்ளிவிட்டு ஓடலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட முடியாது. ஓர் அறையில் ஒரு மருந்துதான் பலிக்கும்.

ஆயுதத்தில்தான் சூட்சுமம். கையில் டைமண்ட் ஒன்பது. இஸ்பேட் ராஜாவை அடித்தால் 13-ல் 9 போக நாலு உயிர் போகும். அப்புறம் கிளாவர் பத்து வந்தது, ஒரு உயிர் போனது. அடுத்து ஓர் ஆறு, சேதமே இல்லை. ஆனால் இனி அந்தக் கத்தி ஆறுக்கு மேற்பட்ட எவனையும் தொடாது. கடைசியாக வெட்டியவனைவிடப் பெரியவனை வெட்ட முடியாதபடி மழுங்கிவிடும். (சமமான எண்ணை வெட்டலாமா என்பதில் வீட்டுக்கு வீடு விதி வேறு. என் வீட்டில் கூடாது.)

என் முதல் 'விரிவாக்கம்' படுதோல்வி. ஒதுக்கிய எட்டுச் சிவப்புச் சீட்டையும் நல்லவர்களாக்கிச் சேர்த்தேன். பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தேன், பதினோராவது ஆட்டம் ஆடவே தோன்றவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அரக்கர்களின் மொத்தம் 208. உன் உயிர் 20, மருந்தெல்லாம் சேர்ந்து 54, ஆக 74. மிச்சம் 134. அதைத் தாண்டி உயிரோடு வெளியே வர, ஆயுதங்கள்தான் தாங்க வேண்டும். இந்த இழுபறியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அதில் எட்டு நல்லவர்களைக் கொட்டியது சாம்பாரில் சர்க்கரை போட்ட மாதிரி.

இப்போது நான் வைத்திருப்பது இது. சிவப்பு ஜாக்கி இருவரும் கொல்லர்கள். அறையில் கொல்லர் வந்தால் உன் ஆயுதத்தைச் சாணை பிடித்துத் தருவார், மழுங்கல் போய்விடும். மேலே சொன்ன ஒன்பது மறுபடியும் ராணியை அடிக்கும். சிவப்பு ராணி இருவரும் மருத்துவச்சிகள், அவர்கள் இருக்கும் அறையில் இரண்டாவது மருந்தும் பலிக்கும். இதற்கு ஈடாகச் சிவப்பு ஏஸ் இரண்டும் பூட்டு. பூட்டு விழுந்த அறையிலிருந்து ஓட முடியாது. ஜோக்கர் பழைய இரும்புக் கடைக்காரர். ஐந்து உயிர் கொடுத்தால், கழித்துப்போட்ட ஆயுதங்களில் ஒன்றைத் திரும்ப எடுக்கலாம். இவர்கள் எல்லாரையும் அறையில் சமாளிக்கும் மூன்றில் ஒன்றாகத்தான் கணக்கு வைக்க வேண்டும். மொத்தம் 51 சீட்டு. ஜோக்கர் ஒன்றுதானா என்று கேட்காதே, என் கட்டில் ஒன்றுதான் மிச்சம். காரணம் கடைசிக் கடிதத்தில்.

சிவப்பு ராஜாக்களைக் காணோமே என்கிறாயா? அவர்கள் வந்தால் அடுத்தடுத்து இரண்டாம் முறையும் ஓடலாம் என்று முதலில் வைத்திருந்தேன். பெரிய அரக்கர்களையெல்லாம் அடிக்குத் தள்ளிக்கொண்டே போய், சவுகரியமாக ஆயுதம் சேர்த்துக்கொண்டேன். அடுத்தடுத்து ஓடக்கூடாது என்ற தடைதான் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராஜாக்கள் பெட்டிக்கே திரும்பிப் போனார்கள்.

நீ தொடங்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்க்காதே. முதலில் கொல்லர்கள் மட்டும், பத்து ஆட்டம். நோட்டில் ஜெயித்தாயா தோற்றாயா என்று எழுதுவதோடு, தோற்றால் எந்த அறையில், எதனால் என்றும் ஒரு வரி எழுது. என் நோட்டில் 'பூட்டு + இரண்டு கறுப்பு ஏஸ், கையில் மொட்டைக் கத்தி' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் சீட்டுக்கட்டை எடுத்தாலே மாமியார், 'மூதேவி குடியேறும்' என்கிறார். என்ன செய்ய?
_வாசகி, பெயர் வேண்டாம்_

காசு வைத்து ஆடிக் குடும்பம் கெட்ட கதைகளை அவர் பார்த்திருப்பார், பயம் நியாயமானதுதான். எதிராளியே இல்லாத ஆட்டத்தில் யாரிடம் காசு தோற்பது? அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஒரு தரம் போட்டுக் காட்டுங்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.

ரம்மிக்காக வாங்கிய இரண்டு கட்டு இருக்கிறது. ஸ்பைடர் சாலிட்டேர் போட ஆசை. கம்ப்யூட்டரில் முதல் நிலையில் எல்லாம் இஸ்பேடாகவே வரும். அதற்கு எட்டுக் கட்டு வாங்க வேண்டுமா? இன்னொன்று, என் கட்டில் ஒரு சீட்டைக் காணோம்.
_வாசகர், பண்ருட்டி_

எட்டுக் கட்டும் வேண்டாம். உங்கள் 104 சீட்டே போதும். பத்து வரிசையில் 54-ஐ விரித்து, மீதி 50-ஐ ஐந்து முறை பத்துப் பத்தாகப் போடுங்கள். சின்னத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் முதல் நிலை. கறுப்பெல்லாம் ஒரு ஜாதி, சிவப்பெல்லாம் ஒரு ஜாதி என்று ஆடினால் இரண்டாம் நிலை. நான்கு சின்னத்தையும் மதித்தால் மூன்றாம் நிலை, அதற்கு அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். வீட்டு விதி என்று ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். புதிதாகப் பத்துச் சீட்டு போடும்போது காலி வரிசை இருக்கக்கூடாது என்பார்கள், நான் ஆட்டத்துக்கு ஒரு தடவை இருக்கலாம் என்கிறேன்.

காணாமல் போன சீட்டுக்கு ஜோக்கர் இருக்கிறாரே. விழுப்புரத்தில் விடிகாலை, கண்ணாடி டம்ளர் டீ முழுக்கக் கட்டின் மேல் கவிழ்ந்தது. துடைத்து, தலையணை உறைக்கு மேல் பரப்பி, ஃபேன் காற்றில் காயவைத்தேன். ஐம்பத்தொன்று பிழைத்தது. டைமண்ட் மூன்று மட்டும் இரண்டாகப் பிரிந்து, ஊறின அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. வண்டி டைரி எழுதும் பேனாவால் ஒரு ஜோக்கரின் இரண்டு மூலையிலும் 'டை 3' என்று எழுதினேன். மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஸ்கவுண்ட்ரலில் அந்தக் கோமாளித் தொப்பிக்காரர் இன்றும் மூன்று பலமுள்ள கத்தியாகத்தான் வருகிறார்.