பூ வாடிடும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 72 வயது. தண்டையார்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தவறி இரண்டு வருடமாகிறது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அடுத்தது நான்தானே என்று நெஞ்சு படபடக்கிறது. போன வாரம் பேத்தியோடு பல்லாங்குழி ஆடும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். வந்திருந்த சொந்தக்காரர், "காதற்ற ஊசியும் வாராதுன்னு பட்டினத்தாரே சொல்லிட்டார், இனிமேலாவது மனசை அடக்குங்க" என்றார். அன்றிலிருந்து உறுத்தல். தினமும் சிவபுராணம் சொல்கிறவள் நான். நம்பிக்கை இருந்தால் பயம் வரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சிரித்தது தப்பே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சொந்தக்காரர் சொன்ன வரி உண்மைதான். ஆனால் பட்டினத்தார் போன கதையையும் அவர் சொல்லியிருக்கலாம். கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனார், கசக்கிற கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்பார்கள். அது இனித்தது உங்கள் பக்கத்துத் திருவொற்றியூரில். அப்புறம் அவர் கண்ணை மூடி உட்கார்ந்துவிடவில்லை. கடற்கரையில் சின்னப் பிள்ளைகளோடு விளையாடினார். தன்னை மூடச் சொல்வார், வேறு இடத்திலிருந்து எழுந்து வருவார். ஒருநாள் மூடியதைத் திறந்தால் லிங்கம்தான் இருந்தது. நிலையாமையை அவ்வளவு கடுமையாகப் பாடியவர், பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நடுவில்தான் போனார் என்று நம் ஜனங்கள் சொல்லிவருகிறார்கள். எனக்கு அவருடைய எல்லாப் பாட்டையும்விட இந்தக் கதை பெரிது.

என் பெரியம்மா காலடிப்பேட்டையில் இருந்தார். கடைசி மூன்று வருடம் பார்வை ரொம்ப மங்கல். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஒற்றியூர்க் கோயில் வடிவுடையம்மனுக்குப் பூ அவர் கட்டியதுதான். முந்தின நாள் சாயங்காலம் நனைத்த வாழைநாரை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. விரல் நுனியால் தடவியே மலர்ந்துபோனதைக் கண்டுபிடித்துத் தனியாக ஒதுக்குவார், அது வீட்டுப் பெண்களின் தலைக்கு. கட்டி முடித்ததும் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளப்பார். "நாலு முழம்" என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரமும் கட்டினார். "படுத்துக்கோ பெரியம்மா" என்றேன்.

"போற அன்னிக்குப் போறேன்டா. பூ இன்னிக்கே வாடிடும்."

அவருக்கும் பயம் இருந்தது அம்மா. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கின நாட்கள் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், பயம் வருவதை நம்பிக்கைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போகிற நாளை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார் பெரியம்மா. பயம் போகவில்லை. ஆனால் அந்த நாளையே நினைத்துக்கொண்டிருக்கிற வேலை போய்விட்டது, பூக்கட்ட நேரம் கிடைத்தது.

விழிப்பு வந்தால் சிவபுராணத்தை வாய்விட்டே சொல்லுங்கள். பேத்தியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு விடாமல் இருந்தால் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், அதில் பக்திக்கு ஒரு குறைவும் இல்லை.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் அந்த ஒற்றியூர்க் கோயில் சிவன் ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் பார்க்கலாம். வருடத்தில் அந்த மூன்று நாள்தான். கூட்டம் நெரியும், பேத்தியோடு காலையிலேயே போய்விடுங்கள். அப்படியே கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கும் கூட்டிப்போய் அந்த விளையாட்டுக் கதையைச் சொல்லுங்கள்.

பல்லாங்குழியில் யார் ஜெயித்தது என்று எழுதவே இல்லையே நீங்கள்?